மூன்று அங்குலத் திரையில் தமிழ் எழுத எந்த விசைப்பலகை ஏற்றது?

நுனிவிரல்:

வணக்கம். அண்மையில் 3 அங்குலத் திரை கொண்ட ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றுக்கு மாறினேன். விரும்பியே வாங்கியது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது, அழைப்புக்கும் பாட்டுக்கும் வரைபடத்துக்கும் குறையே இல்லை. எழுதும்போதுதான் சிக்கல். நான் நாள்தோறும் தமிழில் நீண்ட குறிப்புகளும் மடல்களும் எழுதுபவன்; இடையிடையே ஆங்கிலமும் வரும். கைபேசியுடன் வந்த விசைப்பலகையில், தமிழ் எழுத்துகளையே நேராகத் தொட்டு எழுதும் தமிழ்99 அமைப்பை வைத்திருக்கிறேன். "க" என்று தொட்டால் "ப" விழுகிறது, "ன" என்று தொட்டால் "ற" விழுகிறது, அதை அழிக்கப் போனால் அழிப்பு விசைக்குப் பதிலாகப் பக்கத்து விசை அழுந்துகிறது.

விசைப்பலகைச் செயலிகளை ஒப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகள் ஏறத்தாழ எல்லாமே ஆறு அங்குலத்துக்கு மேற்பட்ட திரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வண்ணத் தோற்றம், எமோஜி, ஒட்டுப்படம் ஆகியவற்றைப் பற்றி அவற்றில் நிறைய இருக்கிறது; விசையின் அகலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இத்தனை சிறிய திரையில் தமிழைப் பிழையின்றி எழுத எந்த விசைப்பலகை ஏற்றது, எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். கைபேசியை மாற்றும் எண்ணம் இல்லை.

எழுத்தாணி:

செயலியின் பெயரைப் பேசுவதற்கு முன் அளவுகோலை எடுங்கள். 16:9 விகிதத்தில் 3 அங்குலத் திரை என்றால் அதன் அகலம் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர், உயரம் 66 மில்லிமீட்டர். ஆங்கிலத்துக்கு வழக்கமான குவெர்ட்டி அமைப்பின் மேல் வரிசையில் 10 விசைகள் இருப்பதால் ஒரு விசைக்குக் கிடைப்பது 3.7 மில்லிமீட்டர். தமிழ்99 அமைப்பைக் கணினியில் உள்ளபடியே கொண்டுவந்தால் மேல் வரிசையில் மட்டும் "ஆ" முதல் "ஞ" வரை 12 எழுத்துகள் இருக்கும். அப்போது ஒரு விசைக்கு 3.1 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டி ஒரு தொடுபரப்புக்குக் கேட்கும் குறைந்த அளவு 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு), அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். உங்கள் "க" விசை அதில் மூன்றில் ஒரு பங்குதான். உங்கள் கையில் குறை எதுவும் இல்லை.

பெரிய கைபேசியிலும் இந்த 9 மில்லிமீட்டர் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 6.5 அங்குலத் திரையின் அகலம் 68 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். பத்தால் வகுத்தால் விசைக்கு 6.8. குறையும் அந்தப் பகுதியை மென்பொருள் தன் யூகத்தால் ஈடுகட்டுகிறது. ஆகவே உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரு வரிசையில் உள்ள விசைகளின் எண்ணிக்கையைக் குறைத்து விசையைப் பெரிதாக்கலாம். விசையைச் சிறிதாகவே விட்டுவிட்டு, யூகத்தில் வல்ல மென்பொருளிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். ஒவ்வொரு விசைப்பலகையும் இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

வலைவிரல்:

எழுத்தாணியின் கணக்கு சரியானது. ஆனால் யூகத்தின் வலிமையை அவர் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

2007-இல் வந்த முதல் ஐபோனிலேயே, அடுத்து வரக்கூடிய எழுத்தின் தொடுபரப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாக்கும் நுட்பம் இருந்தது. விசையின் படம் அதே அளவில்தான் தெரியும். அதைச் சுற்றித் தொடும் இடம் மட்டும் விரியும், வர வாய்ப்பில்லாத எழுத்தின் இடம் சுருங்கும். இன்றைய ஜிபோர்டு, ஸ்விஃப்ட்கீ போன்ற விசைப்பலகைச் செயலிகளும் விரல் விழுந்த இடத்தையும் மொழியில் அடுத்து வரக்கூடியதையும் சேர்த்து எடைபோட்டே எழுத்தை முடிவு செய்கின்றன. 2021-இல் வந்த ஆப்பிள் வாட்ச் தொடர் 7-இல் மணிக்கட்டுத் திரைக்குள் முழுக் குவெர்ட்டி விசைப்பலகையையே வைத்துவிட்டார்கள். விரலை எடுக்காமல் எழுத்துகளின் மேல் இழுத்தே சொல்லை எழுதவும் முடிகிறது. அதைவிட உங்கள் கைபேசித் திரை பெரியது.

ஆகவே என் பரிந்துரை எளியது. ஜிபோர்டில் ஆங்கிலத்துக்குக் குவெர்ட்டியும், தமிழுக்கு உரோமன் எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் ஒலிபெயர்ப்பு அமைப்பும் வையுங்கள். வரிசைக்குப் பத்து விசைகள்தான். எழுத்துக்கூட்டல் சற்றுப் பிசகினாலும் பரிந்துரைப் பட்டையில் சரியான சொல் வந்து நிற்கும். விசைப்பலகையின் உயரத்தை அமைப்புகளில் கூட்டிக்கொள்ளுங்கள். அகலத்தில் இழந்ததை உயரத்தில் கொஞ்சம் மீட்கலாம். மேல் வரிசை, கீழ் வரிசைக் குழப்பமாவது தீரும்.

மெய்யெழுத்து:

வலைவிரல் சொல்வது ஆங்கிலத்துக்கு முழுக்கப் பொருந்தும், தமிழுக்குப் பாதிதான் பொருந்தும். காரணம் செயலியில் இல்லை, மொழியின் இயல்பில் இருக்கிறது.

யூகம் என்பது சொற்பட்டியலைச் சார்ந்தது. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்கு நான்கைந்து வடிவங்கள்தான்; அவை அத்தனையும் பட்டியலில் இருக்கும். தமிழில் "படி" என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள்: படித்தேன், படித்துவிட்டேன், படித்துக்கொண்டிருந்தேன், படித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து, படிக்காமலிருந்திருந்தால். காலம், இடம், எண், வேற்றுமை, துணைவினை, இடைச்சொல் எல்லாம் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டே போகும். எந்தச் சொற்பட்டியலாலும் இவற்றை முழுமையாகச் சேர்த்து வைக்க முடியாது. பட்டியலில் இல்லாத சொல்லை நீங்கள் சரியாகவே அடித்தாலும், பட்டியலில் உள்ள வேறொரு சொல்லாக அதை மாற்றிவிடும் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. "வணக்கம்", "நன்றி", "நாளை வருகிறேன்" என்ற அளவில் உரையாடுபவருக்கு யூகம் பெருந்துணை. இழையைத் தொடங்கியவர் நீண்ட மடல் எழுதுபவர்.

அடுத்தது, தொடுகைகளின் எண்ணிக்கை. விசை சிறிதாக இருக்கும்போது ஒவ்வொரு தொடுகையும் ஒரு பிழைக்கான வாய்ப்பு. ஆகவே எவ்வளவு குறைவாகத் தொடுகிறோம் என்பது பெரிய திரையில் இருப்பதைவிட இங்கே முக்கியம். "வணக்கம்" என்ற சொல்லுக்கு உரோமன் வழியில் 8 தொடுகைகள். தமிழ்99-இல் வ, ண, க, க, ம, புள்ளி என 6 போதும், ஏனெனில் "க" இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். "படித்துக்கொண்டிருந்தேன்" என்பதற்கு உரோமன் எழுத்தில் அடிக்கும் "அஞ்சல்" முறைப்படி 22 எழுத்துகளும், ணகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இரண்டு முறை மாற்று விசையும் (ஷிஃப்ட்) வேண்டும். தமிழ்99-இல் 19 தொடுகைகளில் முடிந்துவிடுகிறது. த்த, க்க, ண்ட, ந்த ஆகிய நான்கு இடங்களிலும் புள்ளியை விசைப்பலகையே வைத்துக்கொள்கிறது.

ஆகவே செல்லினம் போன்று தமிழ்99-ஐ முறையாகச் செயல்படுத்தும் செயலி ஒன்றை முதலில் பார்க்கலாம். உரோமன் வழியிலேயே பழகியவருக்கு அதில் அஞ்சல் முறையும் இருக்கிறது.

வலைவிரல்:

தொடுகை குறைவு என்பதை ஏற்கிறேன். ஆனால் 8 தொடுகையும் 3.7 மில்லிமீட்டர் விசையில்; 6 தொடுகையும் 3.1 மில்லிமீட்டர் விசையில். எழுத்தாணி முன்வைத்த அளவுகோலை நீங்கள் கீழே வைத்துவிட்டீர்கள். அவர் இப்போது அதைத்தானே அனுபவித்துக்கொண்டிருக்கிறார்?

எழுத்தாணி:

இருவர் சொல்வதும் சரி என்பதால்தான் இரண்டும் போதவில்லை. விசையும் பெரிதாக வேண்டும், தொடுகையும் பெருகக் கூடாது.

இங்கே ஒரு பழைய விதியை நினைவுபடுத்த வேண்டும். 1954-இல் பால் ஃபிட்ஸ் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு இலக்கைத் தொட ஆகும் நேரம் அந்த இலக்கின் தொலைவுக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. விசைப்பலகை முழுவதையும் பாதியாகச் சுருக்கினால் தொலைவும் பாதி, அகலமும் பாதி, விகிதம் மாறுவதில்லை. அப்படியானால் சிறிய கைபேசியில் எழுதுவது கடினமாக இருக்கவே கூடாது. கடினமாக இருப்பதற்குக் காரணம், விரல் அதே அளவில் இருப்பதுதான். அத்துடன், விரலை நாம் மேலிருந்து பார்த்துக் குறிவைக்கிறோம். திரை அதன் அடிப்பக்கத்தை உணர்கிறது. நகத்தின் நுனி "க"-வுக்கு மேல் நிற்பதாக நாம் நினைக்கும் கணத்தில் சதைப்பகுதி அதற்குச் சற்றுக் கீழே பதிந்திருக்கும். 9 மில்லிமீட்டர் விசையில் இந்த விலகல் பொருட்டே இல்லை, 3 மில்லிமீட்டரில் அது பக்கத்து எழுத்தாகிவிடும்.

தமிழ்99-இன் இன்னொரு வலிமையும் இங்கே பயன்படாமல் போகிறது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்று பிரித்தது இரு கைகளும் மாறி மாறி இயங்குவதற்காக. 37 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு கட்டைவிரல்களுக்கு இடம் கிடையாது. ஒற்றை விரல் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் இடமும் வலமுமாக அலைய நேரிடுகிறது.

வரிசைக்கு மூன்று அல்லது நான்கு விசைகள் மட்டுமே வைக்கும் விசைப்பலகைகள் இருக்கின்றன. மெசேஜ்ஈஸ் அந்த வகையில் முன்னோடி. 3×3 கட்டத்தில் ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ஒன்பது எழுத்துகள் நேர்த்தொடுகைக்கு. மற்றவை அதே விசையிலிருந்து ஒரு திசையில் சிறிதாக இழுத்தால் வரும். அந்த ஒன்பது எழுத்துகளே ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை அடைத்துவிடுகின்றன என்பதால், பத்தில் ஏழு முறை வெறும் தொடுகையே போதும். அதே கருத்தில் திறமூலமாக, அதாவது நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்படி, வளர்ந்திருப்பது தம்ப்-கீ. எழுத்துக்கு மூன்று நெடுவரிசை, அழிப்பு முதலியவற்றுக்கு ஒன்று என மொத்தம் நான்கு. உங்கள் திரையில் ஒரு விசை 9.3 மில்லிமீட்டர் வரும். வழிகாட்டி கேட்கும் அளவு அப்படியே கிடைத்துவிடுகிறது. யூகமே தேவையில்லை, தொட்டது விழும்.

நுனிவிரல்:

எழுத்தாணி ஐயா, மெய்யெழுத்து ஐயா, வலைவிரல், மூவருக்கும் நன்றி. ஆங்கிலத்துக்குத் தம்ப்-கீ வைத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். தொட்டது விழுகிறது என்பது உண்மை. எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவதில்தான் நேரம் போகிறது, அது பழகிவிடும் என்று தோன்றுகிறது.

தமிழுக்கு இந்தக் கட்ட முறை ஒத்துவருமா? 26 எழுத்துக்குப் பதில் 247 எழுத்து என்பதை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. கைபேசியைக் கிடைமட்டமாகத் திருப்பி எழுதுவது, குரலால் எழுதுவது ஆகியவற்றைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

குறுந்திரை:

கிடைமட்டத்தில் அகலம் 66 மில்லிமீட்டராகிவிடுவதால் பத்து விசை வரிசையிலும் விசைக்கு 6.6 கிடைக்கும், பெரிய கைபேசியில் எழுதுவது போலவே இருக்கும். உயரம் 37-தான். நான்கு வரிசை விசைகளும் பரிந்துரைப் பட்டையும் போக, எழுதியதைப் பார்க்க ஒன்றிரண்டு வரிகளுக்கே இடம் மிஞ்சும். குறுஞ்செய்திக்குச் சரி. மடல் எழுதும்போது முந்தைய வாக்கியம் கண்ணில் இல்லாமல் அடுத்த வாக்கியத்தை எழுத முடியாது.

குரல் உள்ளீடு தமிழுக்கு நன்றாகவே இருக்கிறது. தனிமையும் அமைதியும் வேண்டும், நிறுத்தக்குறிகளைப் பின்னர் கையால் சேர்க்க வேண்டும். முதல் வரைவுக்கு அதையும் திருத்தத்துக்கு விசைப்பலகையையும் வைத்துக்கொள்ளலாம். மெல்லிய முனையுள்ள எழுதுகோல் துல்லியத்தைத் தரும், ஆனால் அதையும் உடன் சுமப்பதென்றால் சிறிய கைபேசி வாங்கியதன் பயனே போய்விடும்.

மெய்யெழுத்து:

247 என்ற எண்ணைக் கண்டு தயங்க வேண்டாம். விசைப்பலகைக்குத் தேவை 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆக 31 எழுத்துகளே. எஞ்சியவை அவற்றின் சேர்க்கை. 3×3 கட்டத்தில் ஒரு விசைக்கு ஒரு தொடுகையும் நான்கு இழுப்புத் திசைகளும் வைத்தாலே 45 இடங்கள் கிடைக்கின்றன. எட்டுத் திசைகள் வைத்தால் 81. இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது 3×3 கட்டம் அல்ல. சிறிய திரைக்காக நான் அமைத்துப் பயன்படுத்திவரும் ஓர் அமைப்பை விரித்துச் சொல்கிறேன். தமிழின் நெடுங்கணக்கே இதற்கு இடம் கொடுக்கிறது என்பதால்தான் எனக்கு இதில் இத்தனை பற்று.

அன்எக்ஸ்பெக்டட் கீபோர்டு என்று ஒரு திறமூலச் செயலி இருக்கிறது. முனையச் செயலியில் (டெர்மினல்) நிரல் எழுதுபவர்களுக்காக உருவானது அது. ஒவ்வொரு விசையிலும் நடுவில் ஒன்றும், மூலைகளிலும் பக்கங்களிலுமாக எட்டும் வைக்கலாம். திசை நோக்கிச் சற்று இழுத்தால் அந்தக் குறி விழும். முக்கியமான வசதி, நம் சொந்த அமைப்பை எக்ஸ்எம்எல் என்ற எளிய உரை வடிவில் எழுதி அமைப்புகளில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு விசைக்கு ஒற்றை எழுத்துதான் என்ற கட்டாயமும் இல்லை, ஒரு தொடரையே வைக்கலாம். தம்ப்-கீயில் அமைப்புகள் செயலியின் மூலநிரலிலேயே எழுதப்பட்டவை என்பதால் இந்த உரிமை எளிதில் கிடைப்பதில்லை.

18 மெய்களை ஆறு ஆறாக மூன்று வரிசைகளில், பள்ளியில் படித்த அதே வரிசையில் வையுங்கள். முதல் வரிசை க ங ச ஞ ட ண. இரண்டாவது த ந ப ம ய ர. மூன்றாவது ல வ ழ ள ற ன. மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை. எந்த எழுத்து எங்கே என்று தேடவே வேண்டியதில்லை. 37 மில்லிமீட்டரை ஆறால் வகுத்தால் விசைக்கு 6.2; பெரிய கைபேசியின் குவெர்ட்டிக்குக் கிட்டத்தட்ட நெருங்கிவிடுகிறது.

நான்காவது வரிசையில் ஆறு உயிர் விசைகள்: அ, இ, உ, எ, ஐ, ஒ. தொட்டால் குறில், மேலே இழுத்தால் அதன் நெடில். ஐகாரத்தின் மேல் ஔகாரத்தை வைத்துவிட்டால் பன்னிரண்டும் முடிந்தது. அகரத்தைக் கீழே இழுத்தால் ஆய்தம்.

இனி உயிர்மெய். "க"-வைத் தொட்டால் "க". கீழே இழுத்தால் "க்", வலப்பக்கம் "கா", மேலே "கி", இடப்பக்கம் "கு". இந்த நான்கும் தமிழில் மிகுதியாக வருபவை என்பதால் பிழை குறைந்த நேர்த்திசைகளில் வைத்தேன். மூலைத் திசைகள் விரலுக்குச் சற்றுக் கடினம். அங்கே கீ, கெ, கே, கை. எஞ்சிய கூ, கொ, கோ, கௌ ஆகியவற்றுக்கு, முதலில் "க"-வைத் தொட்டுவிட்டு, உயிர் வரிசையில் உரிய விசையிலிருந்து கீழ்நோக்கி இழுத்து உயிர்க்குறியைச் சேர்க்க வேண்டும். கீழ்ப்பக்கம் ஒகரக் குறிக்கும் கீழ்மூலை ஓகாரக் குறிக்குமாக. 18 விசைக்கும் ஒன்பது ஒன்பதாக 162 இடங்களைக் கையால் நிரப்புவது சலிப்பான வேலை. ஒரு மெய்க்கு எழுதிய வரியைப் படியெடுத்து, எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். உயிர்க்குறிகள் தனியாக நிற்கும் விசையில் அவை புள்ளிவட்டத்தோடு தெரியும். அது பிழையன்று, மெய்யோடு சேர்ந்ததும் வட்டம் மறைந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். "வணக்கம்" என்பதற்கு வ, ண, க், க, ம் என 5 அசைவுகள். "படித்துக்கொண்டிருந்தேன்" என்பதற்கு 13. அந்தச் சொல்லில் உள்ள 12 எழுத்துகளில் "கொ" ஒன்றுக்கு மட்டும்தான் இரண்டு அசைவு. தமிழ்99-இல் 19, உரோமன் வழியில் 24 என்று மேலே பார்த்தோம். அதுவும் இருமடங்கு அகலமான விசையில்.

எழுதத் தொடங்கிய பின்புதான் தெரிந்த இன்னொரு நன்மை. தமிழில் மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினமே ஓயாமல் வருகிறது: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. நெடுங்கணக்கில் இந்த இணைகள் ஆறும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள். ஆறு ஆறாக மடித்தபோது ஓர் இணைகூடப் பிரியாமல் ஒரே வரிசையில் அமைந்துவிட்டன. "ந"-வைக் கீழே இழுத்துவிட்டு விரலை ஒரு விசை இடப்பக்கம் நகர்த்தினால் "ந்த". ஒற்றை விரலால் எழுதுபவருக்கு இதைவிட வசதியான அடுக்கு வாய்க்காது.

வலைவிரல்:

மெய்யெழுத்து, இது உண்மையிலேயே நல்ல அமைப்பு. இருந்தாலும் சில ஐயங்களைக் கேட்டாக வேண்டும், ஏனெனில் இழையைத் தொடங்கியவர் இதை நம்பி உழைப்பைச் செலவிடப் போகிறார்.

முதலாவது, இவ்வளவு குறுகிய விசையில் தொடுகைக்கும் இழுப்புக்கும் வேறுபாடு தெரியுமா? "க" என்று தொடும்போது விரல் இம்மியளவு நழுவினால் "கா" ஆகிவிடாதா? இரண்டாவது, ஓரத்து விசைகள். ஆண்ட்ராய்டு 10 முதல் உள்ள சைகை வழிசெலுத்தலில் திரையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி இழுப்பது முந்தைய திரைக்குத் திரும்பும் கட்டளை. இடது ஓரத்து "க"-வில் வலப்பக்கம் இழுத்து "கா" எழுதும்போது விசைப்பலகையே மறைந்துவிடக் கூடும். மூன்றாவது, இடைவெளி விசைக்கான வரிசையையும் சேர்த்து ஐந்து வரிசை வைத்தால் திரையில் எவ்வளவு மிஞ்சும்?

மெய்யெழுத்து:

மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்.

இழுப்பின் நீளத்தை அந்தச் செயலியின் அமைப்புகளில் கூட்டவும் குறைக்கவும் முடியும். தொட்டாலே இழுப்பாகிவிடுகிறது என்றால் கூட்டுங்கள். இழுத்தும் வெறும் "க" விழுகிறது என்றால் குறையுங்கள். ஒரு பத்தியை எழுதிப் பார்த்து, எந்தப் பிழை மிகுதி என்று கவனித்து மாற்றினால் உங்கள் விரலுக்குரிய அளவு பிடிபட்டுவிடும். இழுப்பை விசைக்குள்ளேயே முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பக்கத்து விசையின் மேல் போய் நின்றாலும் தொடங்கிய விசைதான் கணக்கு. விசை சிறியதாக இருந்தும் இந்த முறை சரியாக இயங்கக் காரணம் இதுவே.

ஓரத்துச் சிக்கலுக்கு நான் மூன்று பொத்தான் வழிசெலுத்தலுக்கு மாறிவிட்டேன். திரையின் அடியில் ஒரு பட்டை இடம் போகிறது என்பது உண்மை, ஆனால் எழுதும்போது திரை திடீரென்று மாறுவதைவிட அது மேல். அந்த இடத்தையும் விட மனமில்லாதவர்கள் சைகையின் உணர்திறனை அமைப்புகளில் குறைத்துப் பார்க்கலாம். கைபேசிக்கு உறை போட்டிருந்தால் அதன் விளிம்பு திரைக்கு மேல் எழும்பாததாகப் பார்த்து வாங்குங்கள். எழும்பிய விளிம்பு ஓரத்து விசைகளில் ஒரு மில்லிமீட்டரை விழுங்கிவிடும்.

வரிசைக்கு 6 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஐந்து வரிசைக்கு 30; 66-இல் இன்னும் பாதிக்கு மேல் உங்களுக்கு இருக்கிறது. பரிந்துரைப் பட்டை இல்லாததால் அந்த இடமும் மிச்சம்.

கிரந்த எழுத்துகளையும் எண்களையும் கடைசி வரிசையின் மூலைகளில் வைத்திருக்கிறேன். அழிப்பு விசையை மட்டும் இடைவெளி விசைக்கு வலப்பக்கம் தாராளமான அகலத்தில் வையுங்கள். பல விசைப்பலகைகளில் "கொ" என்பதை அழிக்க, குறிக்கு ஒன்றும் மெய்க்கு ஒன்றுமாக இரண்டு முறை தொட வேண்டியிருக்கும். தமிழில் அடிக்கடி தொடப்படும் விசைகளில் அதுவும் ஒன்று. கர்சரை நகர்த்துவதற்கும் ஒரு வழி வேண்டும். 3 அங்குலத் திரையில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் விரலால் தொட்டு நிறுத்துவது நடக்காத காரியம். இடைவெளி விசையின் மேல் விரலை இடமும் வலமும் நகர்த்திக் கர்சரை ஓட்டும் வசதியைப் பழகிக்கொள்ளுங்கள். ஜிபோர்டு, ஹெலிபோர்டு என்ற திறமூல விசைப்பலகை ஆகியவற்றிலும் அது உண்டு.

தட்டச்சர்:

தேர்வில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் விசைப்பலகையின் வழியாகவே போகிறது, கடவுச்சொல் உட்பட. புதிதாக ஒன்றை இயக்கும்போது ஆண்ட்ராய்டு இதை எச்சரிக்கையாகவே காட்டுகிறது. அந்த எச்சரிக்கை எல்லா விசைப்பலகைக்கும் பொதுவாக வருவது என்பதால் அதைக் கண்டு மிரள வேண்டாம். செயலிக்கு இணைய அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஹெலிபோர்டு அந்த அனுமதியைக் கேட்பதே இல்லை. வழக்கமான குவெர்ட்டியே ஆங்கிலத்துக்கு வேண்டும், உயரத்தை விருப்பம்போல மாற்ற வேண்டும், யாருக்கும் தரவு போகக் கூடாது என்பவர்களுக்கு அது ஏற்றது. இழுத்தெழுதும் வசதி மட்டும் அதில் இயல்பாக வராது, அதற்குரிய மூடிய நூலகக் கோப்பை நாமே தேடிச் சேர்க்க வேண்டும்.

சிறிய கைபேசிகளில் நினைவகமும் குறைவாக இருப்பது வழக்கம். ஒட்டுப்படமும் தேடலும் நிறைந்த பெரிய விசைப்பலகை, செயலி மாறும்போதெல்லாம் எழுந்து வரத் தாமதிக்கும். மேலே சொன்ன திறமூலச் செயலிகள் அளவில் சிறியவை; தொட்டதும் வந்து நிற்கின்றன.

நுனிவிரல்:

மெய்யெழுத்து ஐயாவின் அமைப்பை எழுதி முடித்து இயக்கிவிட்டேன். இந்தப் பதிவையே அதில்தான் எழுதுகிறேன். நெடுங்கணக்கு வரிசை என்பதால் கண் தேடவில்லை. கை மட்டும் திசைகளைப் பழகிக்கொண்டிருக்கிறது. "கே"-வும் "கை"-யும் இன்னும் மாறி விழுகின்றன. ங, ஞ இரண்டும் தனியாகத் தொடப்படுவதே அரிது என்பதால் அவற்றின் விசைகளில் கேள்விக்குறியையும் காற்புள்ளியையும் ஒரு மூலையில் வைத்துக்கொண்டேன். ங்க, ஞ்ச இரண்டையும் ஒரே இழுப்பில் விழும்படி செய்யலாம் என்றும் தோன்றுகிறது. ஒரு விசைக்கு ஒரு தொடரையே வைக்கலாம் என்றீர்களே.

ஆங்கிலத்துக்கும் இதே செயலியின் இன்னோர் அமைப்பை வைத்து, ஒரே விசையால் மாறிக்கொள்கிறேன். அதில் அகலம் குறைவு என்றாலும் ஆங்கிலத்தில் நான் எழுதுவது சில சொற்களே.

கடைசியாக ஓர் ஐயம். இனி தேவையில்லை என்பதால் கைபேசியுடன் வந்த விசைப்பலகையை முடக்கிவிடலாமா? நினைவகம் கொஞ்சம் மிச்சமாகும்.

மெய்யெழுத்து:

ங்க, ஞ்ச தாராளமாக வைக்கலாம். "ங"-வின் மேல்பக்கத்தை "ங்க" என்று மாற்றுங்கள். "ஙி" என்று எழுத வேண்டிய தேவை வருவதில்லை. "ஞ"-வில் மட்டும் ஞா, ஞெ இரண்டையும் விட்டுவைத்துவிட்டு வேறொரு திசையைப் பயன்படுத்துங்கள். ஞானம், ஞெகிழி எல்லாம் எழுத வேண்டியிருக்குமே. கே, கை குழப்பத்துக்கு அவற்றை எதிரெதிர் மூலைகளுக்கு மாற்றிப் பாருங்கள்.

குறுந்திரை:

முடக்க வேண்டாம். கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கியதும், முதல் முறை பூட்டைத் திறக்கும் வரை, நீங்களாக நிறுவிய விசைப்பலகைகளில் எல்லாமும் இயங்குவதில்லை. அந்த நிலைக்கென்று ஆயத்தம் செய்யப்பட்டவை மட்டுமே வரும். எழுத்துகள் கொண்ட கடவுச்சொல்லால் பூட்டியிருந்து, வரக்கூடிய விசைப்பலகை ஒன்றும் இல்லையென்றால் உள்ளே நுழைய வழியிருக்காது. உடன் வந்ததை அப்படியே விட்டுவிட்டு, அதிலுள்ள கூடுதல் மொழிகளையும் பரிந்துரைகளையும் மட்டும் நிறுத்திவையுங்கள். நீங்கள் எழுதிய எக்ஸ்எம்எல் அமைப்பையும் கைபேசிக்கு வெளியே ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். செயலியை நீக்கி மீண்டும் நிறுவினால் அது போய்விடும்.